சிரிக்காமல் எழுந்தவள்

சாலிகிராமத்தில் மாவு மில்லுக்குப் பின்னால், ராஜகாந்தம்மாளுக்குச் சொந்தமான வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்த அம்சவேணி, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பூந்தமல்லி சாலைக் கிடங்கு ஒன்றில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கொலையாகி, சாயங்காலம் ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்து, கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, காற்றுக்காக வாசற்படியில் வந்து உட்கார்ந்தபோதுதான், தன்னை மட்டும் கொசு கடிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

கொலையாவது அவளுக்குப் புதிதில்லை. அதுதான் தொழில். தொலைக்காட்சியில் பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ‘இளம்பரிதி விசாரிக்கிறார்’ தொடரில் வாரம் ஒரு கொலை நடக்கும், சென்னை மாநகரக் குற்றப்பிரிவு உதவி ஆணையர் இளம்பரிதி ஜீப்பிலிருந்து இறங்கி வருவார், பிணத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “இவங்க பேர் என்ன?” என்று கேட்பார், அந்தக் கேள்வியில் பாட்டு ஆரம்பிக்கும், ஊரே சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் வந்து உட்காரும். செத்தது பெண் என்றால் அது பெரும்பாலும் அம்சவேணிதான். முகத்தில் முடியைக் கலைத்துப் போட்டு, ரத்தம் பூசி, பாதியைத் துணியால் மூடிவிடுவார்கள் என்பதால் அவளை யாரும் அடையாளம் கண்டதில்லை. யூனிட்டில் அவளுக்குப் பெயரே ‘பாடி’. பாடி வந்தாச்சா, பாடிக்கு டிபன் கொடுத்தாச்சா, பாடியை அந்த ஓரமாகப் படுக்கச் சொல்லு என்பார்கள். அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு, எறும்பு ஏறினாலும் அசையாமல், நல்ல பிணம் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, வெளியாட்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பிணமாக நடித்தவர் யாராயிருந்தாலும், டைரக்டர் ‘கட்’ சொன்ன பிறகு, படுத்த இடத்திலேயே கண்ணைத் திறந்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அதையும் கேமரா பிடிக்கும், பிறகு எடிட்டிங்கில் வெட்டி எறிந்துவிடுவார்கள். பெரிய ஹீரோவாக இருந்தாலும் சரி, கூட்டத்தில் செத்தவராக இருந்தாலும் சரி, சிரிக்காமல் யாரும் எழுந்ததில்லை. அது ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை, அப்படி எழுந்து பார்க்கத் துணிந்ததுமில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இவ்வளவுதான். அம்சவேணி பச்சைச் சேலையில், கழுத்தில் விரல் தடம் பதிந்த மேக்கப்போடு, மூட்டைகளுக்கு நடுவே செத்துக் கிடந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இளம்பரிதியாக நடிக்கும் ஜெயசீலன் கதவுக்கு வெளியே, உள்ளே வரச் சொல்லும் சைகைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அப்போது டைரக்டருக்கு சேனலிலிருந்து போன் வந்தது. தொடரை நிறுத்தியாகிவிட்டது, இன்றோடு முடிந்தது, வண்டிகளைத் திருப்பி அனுப்பலாம் என்றார்கள். டைரக்டர் போனோடு வெளியே போனவர் அப்படியே காரில் ஏறிவிட்டார். ஜெனரேட்டரை அணைத்தார்கள். வரவேண்டிய பேட்டா காசுக்காக ஆளாளுக்கு மேனேஜரைத் தேடிக்கொண்டு ஓடினார்கள். பாடியை எல்லோரும் மறந்துபோனார்கள். அம்சவேணி ரொம்ப நேரம் படுத்துப் பார்த்துவிட்டு, தானாக எழுந்து, சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

“என்னா அம்சா, சாலிகிராமத்துக் கொசு உன்ன மட்டும் விட்டு வெச்சிருக்கு?” என்றார் எதிர்வீட்டு பர்னபாஸ். அவர் அதே தொடரில் லைட்மேன். இரண்டு கையாலும் தன் காலை அடித்துக்கொண்டே கேட்டார்.

“தெரியலண்ணே. காலைல கடிச்சிச்சு.”

பக்கத்து வீட்டு செலின் சிஸ்டர், ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்தவள், சும்மா ஒரு சந்தேகத்துக்கு அம்சவேணியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நின்றுபோன கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் ஒருமுறை உதறிவிட்டு மறுபடி பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

“நாடி இல்லியேக்கா. சாப்ட்டியா?”

“பசிக்கல.”

“எப்பலேர்ந்து?”

“மத்தியானம் செத்ததுலேர்ந்து.”

பர்னபாஸ் கொசு அடிப்பதை நிறுத்தினார். “சிரிச்சியா?”

“இல்லண்ணே. யாரும் சிரிக்கச் சொல்லல.”

“அதான்” என்றார் பர்னபாஸ். அந்த வரிசையில் குடியிருந்தவர்கள் எல்லோரும் சினிமாவில் ஏதோ ஒரு மூலையில் பிழைப்பவர்கள் என்பதால், இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஜெனரேட்டரை அணைத்தது தான்தான் என்பதை மட்டும் பர்னபாஸ் நாலைந்து பேரிடம் தானாகவே சொல்லி வருத்தப்பட்டார்.

வீட்டுக்கார ராஜகாந்தம்மாளுக்கு இருந்த கவலையெல்லாம் தீட்டைப் பற்றியதுதான். இறந்தவர் வீட்டில் இறந்தவரே குடியிருந்தால் என்ன முறை என்று அவர் இரண்டு ஐயர்களைக் கேட்டார், இருவரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள், கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். வாசலில் நின்று பேசினால் தோஷமில்லை, உள்ளே போய் உட்கார்ந்தால் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு போகவேண்டும், பதினாறாம் நாளுக்குப் பிறகு அதுவும் வேண்டாம். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமைக்க அந்த வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அம்சவேணியே சமைத்தாள். வடை நன்றாக வந்திருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ரேஷன் கடையில் அவள் விரல் ரேகையை மெஷின் எடுக்கவில்லை. கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார், உயிரோடிருப்பவர்கள் விரலையே அது பாதி நாள் எடுப்பதில்லை. கத்திரி வெயிலில் கரண்ட் போனால் பெண்கள் அவளைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டார்கள், அவள் தோள் மண்பானையாய்க் குளிர்ந்திருந்தது. அவளைக் கடிக்க முடியாத கொசுக்களும் சேர்ந்து தங்களைக் கடிப்பதாக அவர்களுக்கு ஒரு குறை இருந்தது, ஆனாலும் வந்தார்கள். சிலர் செத்துப்போன தங்கள் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்லி அனுப்பப் பார்த்தார்கள். தான் எங்கேயும் போவதில்லை, சாலிகிராமத்திலேயேதான் இருக்கிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள், யாரும் நம்பவில்லை.

“ஒங்க வூட்டுக்காரரையாவது பாத்தியாக்கா?” என்று செலின் கேட்டாள்.

“அந்த ஆளு உயிரோட இருந்தப்பவே தேடுனா கெடைக்கமாட்டாரு. இப்ப எங்க போய்த் தேடுறது?”

கழுத்திலிருந்த விரல் தடம் மட்டும் போகவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டார்கள், சீயக்காய் போட்டார்கள், மேக்கப்காரர்கள் வைத்திருக்கும் என்னென்னவோ திரவங்களைப் போட்டார்கள், தோல்தான் பளபளத்தது. தடம் ஒரு ஆணின் வலது கை. சரி, கொன்றது யார் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று தொடருக்குக் கதை எழுதிய எழுத்தாளருக்குப் போன் போட்டார்கள். அவர் வேறொரு சேனலில் சாமி சீரியல் எழுதிக்கொண்டிருந்தார். “எனக்கே தெரியாதுங்க, கொலைகாரன் யாருன்னு நான் வெள்ளிக்கிழமைதான் யோசிப்பேன்” என்றார்.

உண்மையைச் சொன்னால் அம்சவேணிக்கு இதெல்லாம் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. பசி கிடையாது, முழங்கால் வலி போய்விட்டது. இப்படியே இருந்துவிட்டுப் போகலாம் என்றுகூட நினைத்திருப்பாள், யமுனா மட்டும் இல்லாமலிருந்தால்.

யமுனா அவளுடைய ஒரே மகள். திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. இப்போது தலைச்சன் பிள்ளை, ஏழாவது மாதம். ஒன்பதாவது மாதம் வளைகாப்புப் போட்டு, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதற்காக அம்சவேணி வீட்டுக்கு வெள்ளையடித்து, பழைய புடவைகளைத் துவைத்துத் தொட்டில் துணியாகக் கிழித்து வைத்திருந்தாள். சேதி தெரிந்ததும் சம்பந்தியம்மாள் பங்கஜவல்லியே போன் செய்தாள். நல்ல மனுஷி, ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசாதவள், அதனாலேயே அவளிடம் மறுத்துப் பேசுவது கஷ்டம்.

“சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க இருந்திருந்தா நாங்க யோசிச்சே இருக்கமாட்டோம். அம்மா இல்லாத வூட்டுக்குத் தலப்பிரசவத்துக்கு எப்படி அனுப்புறது, சொல்லுங்க.”

“நான் இருக்கேனே சம்பந்தி. பேசிட்டுத்தான இருக்கேன்.”

“பேசுறீங்க. ஆனா நீங்க போயிட்டீங்களே” என்றாள் பங்கஜவல்லி. “யமுனாவுக்கு இனிமே நான்தான் அம்மா. நீங்க நிம்மதியா இருங்க.”

சொன்னபடியே அவள் அமாவாசை தவறாமல் மொட்டைமாடியில் அம்சவேணி பெயரைச் சொல்லிக் காக்காய்க்குச் சோறு வைத்தாள். அங்கே திண்டிவனத்தில் காக்காய் கொத்தியதும், இங்கே சாலிகிராமத்தில் அம்சவேணிக்கு நாக்கில் ருசி தட்டி வயிறு நிறைந்தது. மாதத்தில் அவள் சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று யமுனாவிடம் போனில் சொன்னாள். மகள் மறுமுனையில் அழுதாள். “எனக்கு ஒங்கிட்ட வரணும்மா. ஆனா வந்து ஒன் கையத் தொட்டா சில்லுனு இருக்கும்னு செலின்க்கா சொன்னாங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு.” அன்றைக்குத்தான் அம்சவேணி தன் கையைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேரப்பிள்ளையை முதன்முதலில் வாங்கப் போகும் கை அது, அதை இப்படி வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் துக்கம் பொங்கியது. அழ வரவில்லை. செத்தவர்களுக்குக் கண்ணீர் கிடையாது.

வரிசை வீடுகளே கூடி யோசித்தன. முதலில் செல்போனை வைத்துச் சிரிக்கச் சொன்னார்கள். உதடு விரிந்தது, பல் தெரிந்தது, மூச்சு இல்லாததால் அது சிரிப்பாகவில்லை. பிறகு ஹைதராபாத்தில் தெலுங்குத் தொடர் எடுத்துக்கொண்டிருந்த டைரக்டரைப் பிடித்தார்கள். அவர் பதறிப்போய் போனிலேயே “கட், கட், கட்” என்று கத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பர்னபாஸ்தான் கண்டுபிடித்தார்.

“ஜெயசீலன் சார் இன்னும் ஃப்ரேமுக்குள்ளயே வரல. வராத ஷாட்ட எப்பிடி கட் பண்றது? அவரு வரணும், தொப்பியக் கழட்டணும், பேர் கேக்கணும். அதுக்கப்பறம்தான் கட்டு. அதுவரைக்கும் அந்த ஷாட்டு ஓடிக்கிட்டேதான் இருக்கும்.”

எனவே அம்சவேணி விருகம்பாக்கத்துக்குப் போனாள்.

ஜெயசீலனின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. மாடிப்படியில் வரிசையாக ஆட்கள் மனுவோடு உட்கார்ந்திருந்தார்கள். ஷாட் முடியாததால் அவரும் இன்னும் உதவி ஆணையராகவே இருந்தார். சிக்னலில் கான்ஸ்டபிள்கள் சல்யூட் அடித்தார்கள், அவர் கடைக்குள் நுழைந்தால் எடைக்கல் தானாகச் சரியானது, பால்காரரின் திருடுபோன வண்டியை அவர் பால்கனியில் நின்றபடியே கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். இளம்பரிதி சிரிக்கமாட்டார், சிரித்தால் குற்றவாளிக்குப் பயம் விட்டுப்போகும் என்று முதல் எபிசோடிலேயே முடிவாகியிருந்தது, ஆகவே அவர் முகத்தில் சிரிப்பு எப்படியிருக்கும் என்பது அவர் மனைவிக்கே மறந்துபோயிருந்தது. அந்த அம்மாள் காபி கொண்டுவந்து வைக்கும்போதுகூட, ஏன் தாமதம் என்று விளக்கம் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

அம்சவேணி விஷயத்தைச் சொன்னாள். அவர் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“வலது கை. உயரமான ஆள்” என்றார்.

“ஆள விடுங்க சார். நீங்க வந்து ஒரு வார்த்த பேர் கேட்டாப் போதும். ஷாட்டு முடிஞ்சிரும்.”

அவர் எழுந்து பால்கனிப் பக்கம் போனார். கீழே யாரோ அவரைப் பார்த்து நிமிர்ந்து நின்று வணக்கம் வைத்தார்கள். தலையசைத்து ஏற்றுக்கொண்டு திரும்பினார்.

“கட் சொன்னா நீங்க எந்திரிச்சிருவீங்கம்மா. நான்?” என்றார். “எனக்கு இனிமே யாரு வேஷம் கொடுப்பாங்க? எந்த ஆபீஸுக்குப் போனாலும் போலீஸ் வந்திருக்காருன்னு எந்திரிச்சு நிக்கிறாங்க, வேலை கொடுக்க மாட்டேங்குறாங்க. இத விட்டா நான் யாரு? விசாரணை நடந்துக்கிட்டு இருக்குன்னு வெச்சுக்குங்க. கொஞ்ச நாள் போகட்டும்.”

அம்சவேணிக்குக் கோபம் வந்தது. செத்த பிறகு வந்த முதல் கோபம் அது, அவளுக்கே புதிதாக இருந்தது.

“எம்பொண்ணுக்கு ஒம்பதாம் மாசம் நெருங்குது சார். கொஞ்ச நாள்னா அது எனக்கில்ல. ஒங்க முன்னாடி எத்தன வாட்டி செத்திருக்கேன் தெரியுமா? கெணத்துல, தூக்குல, ஃப்ரிட்ஜுக்குள்ள, அண்ணாநகர் லிஃப்ட்ல, அந்த ஆத்துப்பாலத்துக்கு அடியில…”

“பாலத்துக்கு அடியில… அது வேற அம்மா இல்ல?”

“எல்லாம் நான்தான் சார்.”

ஒரு சட்டைப் பட்டனை வைத்துக் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார், ரத்தமும் முடியும் இல்லாமல் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“ஒவ்வொரு வாட்டியும் பக்கத்துல ஒக்காந்து பேர் கேட்டீங்க. பக்கத்துல நிக்கிற கான்ஸ்டபிள் எதையோ சொல்லுவான், நீங்க தலையாட்டுவீங்க. என் பேர ஒருநாளாவது கேட்டீங்களா?” என்று சொல்லிவிட்டு, பெயரைச் சொல்லாமலே அவள் படியிறங்கி வந்துவிட்டாள். வரும் வழியில் பயமாக இருந்தது. இருந்த ஒரே ஆளையும் பகைத்துக்கொண்டோமே என்று பஸ்ஸில் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதன் பிறகு நாட்கள் ஓடின. அமாவாசை வந்தது. அன்று பகல் முழுக்க அவள் நாக்கில் ருசியே தட்டவில்லை. பங்கஜவல்லிக்கு உடம்புக்கு முடியவில்லையோ, யமுனாவுக்கு ஏதாவதோ என்று அம்சவேணி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் தெருமுனையில் சலசலப்புக் கேட்டது, டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஜெயசீலன் தொப்பியை ஒரு துணிப்பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். பின்னால் ஆட்டோவிலிருந்து, கூடையோடு இறங்கியது பங்கஜவல்லி.

ஜெயசீலன் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். அது அவருடைய கடைசிக் கேஸ், ரொம்பச் சிக்கலான கேஸும்கூட. யூனிட்டில் கேட்டால் பாடிம்மா என்றார்கள், லைட்மேனைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஆள் அனுப்பும் ஏஜெண்டும் பாடிம்மா என்றுதான் சொன்னார், பாடிம்மா எங்கே இருக்கிறாள் என்று அவருக்கும் தெரியாது, போன் போட்டால் வருவாள் என்றார். வேஷம் போட்ட மேக்கப்காரருக்கு அவள் கழுத்து தெரியும், பெயர் தெரியாது. மகள் கல்யாணத்துக்குத் திண்டிவனம் போகவேண்டும் என்று ஒருநாள் சாவதற்கு வரமாட்டேன் என்று சொன்னது மட்டும் ஏஜெண்டுக்கு ஞாபகமிருந்தது. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அவர் திண்டிவனம் போய், தெருத்தெருவாக அலைந்து, அன்று மத்தியானம் ஒரு மொட்டைமாடியில் ஒரு பெண் இலையில் சோறு வைத்துக்கொண்டு, செத்துப்போன தன் சம்பந்தியைச் சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறார்.

“காக்கா எறங்குறதுக்குள்ள இவரு வந்துட்டாரு” என்றாள் பங்கஜவல்லி. “வைக்க வேணாம், எடுத்துட்டு வாங்கன்னு சொன்னாரு. இந்தாங்க சம்பந்தி. உப்பு கொறச்சிருக்கேன்.”

அதற்குள் பர்னபாஸ் ஆளாளுக்கு விரட்ட ஆரம்பித்திருந்தார். அதே கேமரா வளசரவாக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு வாடகைக்குப் போயிருந்தது, திரும்பும் வழியில் தெருவிலேயே இறக்கினார்கள். பச்சைச் சேலையைக் காஸ்டியூம்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். மாவு மில்லிலிருந்து மூட்டைகள் வந்தன. அம்சவேணி அவற்றின் நடுவே, அந்தச் செவ்வாய்க்கிழமை போலவே ஒரு கையை மடக்கி, முகத்தில் முடி விழ, கண்ணை மூடிப் படுத்தாள். விளக்கு எரிந்தது. ராஜகாந்தம்மாள் எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கண்ணை மூடியிருந்தவளுக்குப் பூட்ஸ் சத்தம் கேட்டது. பதினோரு வருஷமாகக் கேட்ட அதே நடை. பக்கத்தில் வந்து நின்றது, குத்தவைத்தது, தொப்பி கழன்றது.

“இவங்க பேர் என்ன?”

கான்ஸ்டபிள் வசனத்தைப் பர்னபாஸ் சொல்லவேண்டும். “அடையாளம் தெரியல சார்” என்றார்.

“தெரியும்” என்றார் இளம்பரிதி. “அம்சவேணி. சாலிகிராமம். பொண்ணு பேரு யமுனா. பதினோரு வருஷமா எங்கூட வேலை பாத்தவங்க.”

இனி ‘கட்’ சொல்லவேண்டும். ஹைதராபாத்துக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஜெயசீலன் தொப்பியை ஒருமுறை துடைத்தார், அதை அவள் பக்கத்தில் மூட்டைமேல் வைத்தார், வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு அவரே சொன்னார், மெல்ல, யாருக்கும் கேட்காத மாதிரி.

“கட்.”

அம்சவேணி கண்ணைத் திறந்தாள்.

“சிரி அம்சா” என்றார் பர்னபாஸ். “கேமராவப் பாத்துச் சிரி.”

அவள் முயன்றாள். உதடு விரிந்தது, பல் தெரிந்தது, அவ்வளவுதான். காமெடிக் கூட்டத்தில் நடிக்கும் நாலாம் வீட்டுக்காரர் வேட்டி அவிழ விழுந்து காட்டினார். ஒருவர் கழுதை மாதிரி கத்தினார். ஊரே சிரித்தது, அவளுக்கு வரவில்லை. பங்கஜவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். விளக்கு அனல் தாங்காமல் மேலே பூச்சிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அப்போது அம்சவேணியின் இடது முழங்கைக்குக் கீழே ஊசி குத்தினாற்போல் சுருக்கென்றது. யோசிக்காமல், பழக்கத்தில், பட்டென்று ஒரு அடி அடித்தாள். கையை எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையில் நசுங்கிய கொசு, அதைச் சுற்றிக் கொஞ்சம் ரத்தம். சிவப்பாக, சூடாக, அவளுடைய ரத்தம்.

“கடிச்சிடுச்சுண்ணே” என்றாள். “சனியன், என்னையும் கடிச்சிடுச்சு.”

சொல்லிக்கொண்டே சிரித்தாள். வயிறு குலுங்க, புரையேற, கண்ணில் தண்ணீர் வழிய, மூட்டைகளுக்கு நடுவே புரண்டு புரண்டு சிரித்தாள். கேமரா எல்லாவற்றையும் பிடித்தது. செலின் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஓவரா அடிக்குதுக்கா, கொஞ்சம் அடங்கு” என்றாள். கழுத்துத் தடம் ஈரத் துண்டில் சாதாரண ரூஜ் சாயமாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கொன்றது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அம்சவேணி எழுந்ததும் முதல் வேலையாகக் கூடையைத் திறந்து, காக்காய்க்கு வைத்திருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

ஜெயசீலன் போவதைப் பெரும்பாலும் யாரும் கவனிக்கவில்லை. டீக்கடையில் இந்தத் தடவை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெரிய சாலையைக் குறுக்கே கடந்தபோது, ஓரமாய்ப் போய்யா என்று ஒரு கான்ஸ்டபிள் அவரை விரட்டியதை அம்சவேணி மட்டும் தெருமுனையில் நின்று பார்த்தாள். அவளுக்கு நெஞ்சு வலித்தது. வலிக்கிற நெஞ்சு திரும்பக் கிடைத்ததே அவரால்தான் என்பது அதைவிட வலித்தது.

ஒன்பதாம் மாதம் யமுனா கை நிறைய வளையலோடு வந்து இறங்கினாள். வந்ததும் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு கன்னத்தில் வைத்துக்கொண்டாள், பிறகு விடவேயில்லை. பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் நாளைக்கு அம்சவேணி தானே விருகம்பாக்கம் போய் ஜெயசீலனை மனைவியோடு அழைத்துவிட்டு வந்தாள்.

அவர் வெள்ளைச் சட்டையில், கொஞ்சம் இளைத்து, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கூட்டத்தின் ஓரமாக உள்ளே வந்தார். தொட்டிலைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில், பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். கை தானாகத் தலைக்குப் போய், இல்லாத தொப்பியைத் தேடிவிட்டுக் கீழே இறங்கியது.

“இவங்க பேர் என்ன?” என்றார்.

அந்தக் கேள்வி எதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப்படும் கேள்வி என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். யமுனா பாய்ந்து குழந்தையைத் தூக்கினாள். ராஜகாந்தம்மாள் எலுமிச்சம்பழத்துக்கு ஓடினார். ஜெயசீலனுக்கும் சொன்ன பிறகுதான் உறைத்தது, எழுந்திருக்கப் போனார்.

“எந்திரிக்காதீங்க சார்!” என்று அம்சவேணி அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள். “சிரிங்க. மொதல்ல சிரிச்சிட்டு அப்பறம் எந்திரிங்க.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். உதடு கோணியது, ஒரு பக்கம் இழுத்தது, வழி மறந்துபோனதுபோல் தடுமாறியது. அம்சவேணி தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் மனைவி வாசற்படியில் நின்று, கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு, தான் முதலில் சிரித்தாள். பிறகு அவரும் சிரித்தார், சத்தமாக, கடைவாய்ப் பல்லெல்லாம் தெரிய. அவர் சிரித்து முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அதன் பிறகுதான் குழந்தையின் காதில் பெயரைச் சொன்னார்கள்.